ராஜபாளையத்து ஏவுதளமும் பிளவக்கல் வரை ஒரு துரத்தலும்

நான் ராஜபாளையத்துக்குப் போனது நாய்க்குட்டி வாங்க இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், விடுதியில் சாவி கொடுத்தவர், ஆட்டோக்காரர் என்று மூன்று பேர் அதையே கேட்டு என் பொறுமையைச் சோதித்துவிட்டார்கள். நான் போனது ஓர் ஏவுதளத்தைப் பார்க்க.

இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். மண்ணிலிருந்து எதையாவது வானத்துக்கு அனுப்பிய இடங்களைத் தேடிப் போவேன். தும்பாவில் மீனவர்களின் தேவாலயம் ராக்கெட் அலுவலகமான கதையை எழுதினேன். ஸ்ரீஹரிகோட்டாவில் பார்வையாளர் மாடத்தில் வெயிலில் வதங்கியதை எழுதினேன். குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்து வேலிக்கு வெளியே மணலில் நின்று ஒன்றும் தெரியாமல் திரும்பியதையும் எழுதினேன். தும்பா பதிவின் கீழே போன மார்கழியில் ஒரு பின்னூட்டம் வந்தது. "எங்க ஊரிலும் ஓர் ஏவுதளம் இருக்கிறது அக்கா. நான்காவது ஏவல் மாசியில். வந்து பாருங்கள்." எழுதியவள் ஹேமலதா, ராஜபாளையம். யாரோ வம்புக்கு இழுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். தொலைபேசியில் பேசியபோது அவள் சிரிக்கவே இல்லை. அதனால் நம்பினேன்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை மதியம் வங்கியில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் ஒன்றரை மணி வண்டியைப் பிடித்தேன். சங்கரன்கோவில் வழி. இரண்டே முக்கால் மணி நேரம், டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய். சங்கரன்கோவிலில் பத்து நிமிடம் நிற்கும் என்றார் நடத்துநர். இருபத்தைந்து நிமிடம் நின்றது. ராஜபாளையம் நெருங்கும்போது இடப்பக்கம் மலை எழுந்து வரும். மலை தெரியும் சன்னலோரம் வேண்டுமென்றால் ஓட்டுநருக்குப் பின்வரிசையில் உட்காராதீர்கள், ஆனால் மதிய வெயிலும் மலைப் பக்கம்தான். பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் அறை, ஓர் இரவுக்கு ஆயிரத்து இருநூறு. சுத்தம். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை.

ஏவுதளம் முடங்கியார் சாலையில், ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய். போய் இறங்கியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. தகரக் கூரை போட்ட பழைய ஷெட். அதன் முன்னால் சிமெண்டு பூசி வெடித்துப்போன ஒரு களம், இரண்டு விளக்குக் கம்பங்கள். இதற்கா எண்பத்தைந்து ரூபாயும் ஓர் அரைநாள் விடுப்பும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஹேமாவுக்கு முப்பத்திரண்டு வயது. பெங்களூரில் செயற்கைக்கோளுக்கு மின்பலகை செய்யும் வேலையில் ஏழு வருடம் இருந்துவிட்டு, சொந்தமாகச் செய்கிறேன் என்று ஊருக்கு வந்தவள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், அப்பாவை நைனா என்பாள். நைனாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். அதிகம் பேசாத மனிதர். மகள் வேலையை விட்டது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது, அவர் அந்தக் களத்தில் நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

களத்தின் வரலாறு சின்னது என்பதால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன். நைனா நூல்மில் நடத்திய காலத்தில் அது பஞ்சுப் பொதி இறக்கும் இடம். மில் மூடிய பிறகு தெருக்காரர்கள் விளக்குக் கம்பம் நட்டு வாலிபால் ஆடினார்கள். ஹேமா வந்ததும் அதையே ஏவுதளமாக்கினாள். ராக்கெட் இல்லை. பெரிய ஹீலியம் பலூனில் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கட்டி, விமானம் பறக்கும் உயரத்தைப்போல மூன்று மடங்கு உயரத்துக்கு அனுப்புவது. அங்கே குளிர் எலும்பை உடைக்கும், காற்று என்று சொல்ல ஏதும் இருக்காது. விண்வெளிக்குப் போகும் சாமான் அங்கே பிழைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மேலே பலூன் வெடித்ததும் பாராசூட் விரிந்து பெட்டி எங்காவது வந்து விழும். போய் எடுத்து வர வேண்டும்.

முதல் ஏவலில், மில்லில் முன்பு ஃபிட்டராக இருந்தவர் நல்ல மனசோடு பெட்டி முன்னால் தேங்காய் உடைத்தார். தண்ணீர் பேட்டரி இணைப்பில் தெறித்தது. பத்தாவது நிமிடத்தில் பெட்டி ஊமையாகி, ஒரு வாரம் கழித்து சேத்தூரில் ஒரு கிணற்றில் மிதந்தது. இரண்டாவது, களத்தை விட்டே போகவில்லை. பலூன் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து கிழிந்தது. மூன்றாவது மம்சாபுரத்தில் ஒரு மொட்டைமாடியில், காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வற்றலுக்கு நடுவில் நல்லபடியாக இறங்கியது. வீட்டுக்காரம்மா சாப்பிட்டால்தான் தருவேன் என்று உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறார். ஆனால் மேலே குளிரில் பேட்டரி செத்ததால் பாதிப் பதிவுதான் கிடைத்தது. அதற்காகவே இந்த முறை பெட்டி முழுக்க சத்திரப்பட்டி கட்டுத்துணியை மூன்று சுற்று சுற்றி ஒட்டியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய துணி. பெட்டி தலையில் அடிபட்ட ஆள் மாதிரி இருந்தது.

தேங்காய்க்குப் பிறகு ஹேமா ஒரு சட்டம் போட்டுவிட்டாள். கேட்டில் தாளே ஒட்டியிருந்தது. களத்துக்குள் தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம், பொட்டு எதுவும் வரக்கூடாது.

நான்காவது ஏவலை நம்பி என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சிறிய செயற்கைக்கோளில் அவளுடைய மின்பலகைக்கு ஓர் இடம் தருவதாக ஒரு நிறுவனம் சொல்லியிருந்தது. பலகை குளிரிலும் வெற்றிடத்திலும் வேலை செய்ததற்கான முழுப் பதிவு திங்கட்கிழமை காலைக்குள் போய்ச்சேர வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. ரேடியோவில் வருவது சுருக்கம் மட்டும். முழுப் பதிவு பெட்டிக்குள் நகம் அளவு மெமரி அட்டையில் இருக்கும். ஆக, பெட்டி கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் களமும் இல்லை. சித்திரையில் அங்கே கல்யாண மண்டபத்துக்கு வாஸ்து பூசை என்று நைனா தேதி பார்த்துவிட்டார். "இது கடைசின்னு நைனா சொல்லிட்டாங்க அக்கா. பெட்டி வரலைன்னா நான் மறுபடி பெங்களூருதான்" என்றாள் ஹேமா.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் போனேன். விமானப் போக்குவரத்துத் துறையிடம் வாங்கிய அனுமதி எட்டு முதல் ஒன்பது மணி வரைதான். ஏழரைக்குள் பெட்டியைச் சோதித்து ஷெட் வாசல் மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் பலூனில் ஹீலியம் நிரப்பப் போனோம். எனக்கும் ஒரு கயிற்றைக் கொடுத்தார்கள். பெட்டிக்குக் காவலாக நைனா நின்றார். அவர் விடியற்காலையிலேயே பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஆண்டாளைச் சேவித்துவிட்டு வந்திருந்தார். எனக்குப் பிரசாதம் கொடுத்தபோது அவர் விரலில் சந்தனம் ஈரமாக இருந்தது. கோயிலுக்குப் போனவர் விரலில் சந்தனம் இருக்கும்தானே, நான் ஏன் யோசிக்கப் போகிறேன்.

எட்டே முக்கால் வரை கிழக்குக் காற்று பலூனைப் பிடித்து ஆட்டியது. ஹேமா மடிக்கணினியை விட்டு எழவில்லை. லோடு வேன் ஓட்டுநர் மாரியப்பன்தான் பெட்டியைத் தூக்கி வந்து கயிற்றில் மாட்டினார். அப்போது பெட்டியின் இருப்பிடம் காட்டும் எண்கள் திரையில் விட்டுவிட்டு வந்தன. தகரக் கூரை மறைக்குது, மேலே போனா சரியாயிரும் என்று ஹேமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அனுமதி முடியப் பத்து நிமிடம் இருந்தது. விடச் சொன்னாள். விட்டோம். பலூன் விளக்குக் கம்பத்தை ஒரு முழ இடைவெளியில் தாண்டியபோது என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது.

மூன்றாவது நிமிடத்தில் இருப்பிடம் நின்றுபோனது.

மற்றதெல்லாம் வந்துகொண்டிருந்தது. குளிர் இவ்வளவு, காற்றழுத்தம் இவ்வளவு, பலகை வேலை செய்கிறது. எங்கே என்பது மட்டும் இல்லை. பிள்ளை தொலைபேசியில் நன்றாகப் பேசுகிறது, எந்த ஊரில் நிற்கிறாய் என்றால் மட்டும் பதில் இல்லை என்பது போல. ஹேமாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் கத்தவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. பற்றவைத்ததில் எங்கோ தப்பு விட்டிருக்கிறேன், என் கை வேலைதான் என்று மட்டும் சொன்னாள். மாரியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நைனாவைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினார். நைனா நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே இருந்தார்.

முன் இருக்கையில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். ஹேமாவின் கணக்குப்படி பெட்டி முதலில் மலைப் பக்கம் போகும், மேலே மேல்காற்று அதைக் கிழக்கே திருப்பிக் கொண்டுவரும், கிருஷ்ணன்கோவிலுக்குக் கிழக்கே பொட்டல் காட்டில் இறங்கும். கணக்கு சரியா என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றால் எந்தத் திசைக்கும் ஓடலாம் என்பதால் அங்கே, கோபுரம் தெரிகிற ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினோம். வண்டிக் கூரையில் ஏரியலைக் கட்டினோம். நான் இந்த ஊருக்கு வந்தால் கோயில், தேர், பால்கோவா என்று மூன்று பதிவு தேற்றுவேன் என்று நினைத்திருந்தேன். கோபுரத்தை வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. பால்கோவாக் கடையில் கால் கிலோ வாங்கி மடியில் வைத்திருந்தேன், பிரிக்கவில்லை.

பத்து மணி இருபது நிமிடத்துக்கு அழுத்தம் சட்டென்று ஏறத் தொடங்கியது. பலூன் வெடித்துவிட்டது, பெட்டி இறங்குகிறது. ஹேமா எண்களை வாய்விட்டுப் படித்தாள். ஒவ்வொரு எண்ணும் பெட்டி தரையை நெருங்குகிறது என்று சொன்னது, எந்தத் தரை என்று சொல்லவில்லை. கிழக்கே ஓடலாமா என்று மாரியப்பன் இரண்டு முறை கேட்டார். ஹேமா அடுத்த எண்ணைப் படித்தாள். முந்தின நாள்தான் பழக்கமான ஒரு பெண்ணுக்காக இவ்வளவு பதறுவேன் என்று நான் நினைக்கவே இல்லை.

பத்து ஐம்பதுக்குத் திரையில் ஒரு வரி விழுந்தது. இருப்பிடம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு முதல் முறையாக. இன்னொரு வரி, மூன்றாவது வரி. பிறகு மலை மறைத்து எல்லாமே நின்றது. ஹேமா வரைபடத்தில் புள்ளியை வைத்துப் பார்த்தாள். கிருஷ்ணன்கோவிலும் இல்லை, கிழக்கும் இல்லை. வடக்கே, மலையடிவாரத்தில், பிளவக்கல் அணைக்கு மேலே மூன்று கிலோமீட்டர் உயரத்தில் கடைசியாகத் தெரிந்திருக்கிறது.

"கீழ வர வர காத்து மலைப்பக்கம் தள்ளும்" என்றாள் ஹேமா. "காட்டுல விழுந்தா உள்ள போக முடியாது. புலிகள் காப்பகம். அனுமதி வாங்க எத்தனை நாளோ."

"அணையில விழுந்தா?" என்று கேட்டுவிட்டு என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஏரியல் ஓட்ட வழியா தண்ணி போயிரும். அட்டை அவ்வளவுதான்."

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் கிட்டத்தட்ட இருபத்தெட்டு கிலோமீட்டர். சாதாரணமாகப் போனால் ஒரு மணி நேரம். கிருஷ்ணன்கோவில் வரை நாற்கரச் சாலையில் போவது போலப் பறந்தோம். இடப்பக்கம் திரும்பியதும் சாலை ஒடுங்கியது. அறுவடைக் காலம், பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. தேங்காய் லாரி ஒன்று எங்கள் முன்னால் ஊர்ந்தது. மாரியப்பன் ஒலிப்பானில் வைத்த கையை எடுக்கவில்லை. வத்திராயிருப்பைத் தாண்டியதும் செல்போன் கோபுரம் கைவிட்டது. இந்தப் பக்கம் போகிறவர்கள் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லவில்லை என்று பிறகு திட்டாதீர்கள்.

சாலை முழுக்க மாரியப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் களத்தில் வாய் மூடாமல் பேசியவர் அவர். வேகமாக ஓட்டுவதால் என்று நினைத்தேன்.

அணைக்கு முன்னால் வனத்துறை சோதனைச் சாவடி. வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நேற்று சாயங்காலம் தண்ணீருக்கு யானை இறங்கியது, அந்த வேலிக்கு அங்கிட்டு ஓர் அடி வைக்க விடமாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. ஆனால் அணைக்கரையில் ஏறி நின்று பார்க்க விட்டார்.

அணைக்கரையில் ஹேமா கையில் பிடிக்கும் ஏரியலை என்னிடம் கொடுத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பெட்டி தரையில் விழுந்ததும் கீ, கீ என்று ரேடியோவில் கூப்பிடத் தொடங்கும், பெட்டியிலேயே ஒரு சின்ன ஒலிப்பானும் கத்தும். நான் ஏரியலை மெதுவாகத் திருப்ப வேண்டும். மலைப் பக்கம் திருப்பினேன். ஹேமா தலையசைத்தாள், ஒன்றுமில்லை. தண்ணீர்ப் பக்கம். லேசாக ஏதோ. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேர்த்த கையில் ஏரியல் நழுவி அணைக்கு வெளிப்பக்கம், தென்னந்தோப்புகள் இருந்த பக்கம் சாய்ந்தது. ஹேமா என் மணிக்கட்டை அப்படியே பிடித்து நிறுத்தினாள்.

"இங்கதான் அக்கா. நல்லா கேக்குது."

காட்டிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. ஓடிப்போய் வண்டியில் ஏறினோம். தோப்புப் பாதையில் அரை கிலோமீட்டர் போனதும் வண்டி போகவில்லை, வாய்க்கால் குறுக்கிட்டது. இறங்கி நடந்தோம். நடுவில் ஆடுகளை விரட்டிக்கொண்டு ஒரு பெண் எதிரே வந்தார், முகம் வேர்த்து வழிந்தது. எங்களைக் கையைக் காட்டித் தடுத்தார்.

"அங்கிட்டுப் போகாதிய தாயி. வெடி விழுந்து கெடக்கு. வயரும் கம்பியுமா இருக்கு, கீ கீன்னு கத்துது. எங்க வீட்டுக்காரவுக அத தொட்டியில போடப் போயிருக்காக. என்னிய ஆட்ட ஓட்டிக்கிட்டு ஓடுன்னுட்டாக."

தொட்டி என்றால் பம்புசெட் தண்ணீர்த் தொட்டி. சிவகாசி இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. பட்டாசு ஆலையில் வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். சந்தேகமான சாமான் என்றால் அவர்கள் கை முதலில் தேடுவது தண்ணீரைத்தான். ஹேமா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். "அண்ணாச்சி, போடாதீங்க" என்று அவள் கத்தியது தோப்பு முழுக்கக் கேட்டது. நான் பின்னால் ஓடினேன். ஐம்பதைத் தொடப்போகிற முழங்காலோடு வாய்க்கால் வரப்பில் ஓடியதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. பம்புசெட் மோட்டார் ஓடும் சத்தத்தில் அவள் கத்தியது அங்கே கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

தொட்டி தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. பக்கத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தார். கை இரண்டும் வெறுமையாக இருந்தன. ஹேமா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தண்ணீரில் தென்னங்கீற்றின் நிழல்தான் ஆடியது.

"அங்கன இருக்கு" என்று அவர் பின்னால் கையைக் காட்டினார். பம்புசெட் அறையின் படியில், துண்டை விரித்து அதன் மேல் பெட்டியை வைத்திருந்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அது பாட்டுக்குக் கீ, கீ என்று கத்திக்கொண்டிருந்தது.

அவர் பெயர் கருப்பசாமி. குத்தகைக்குத் தோப்புப் பார்க்கிறார், அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் பட்டாசு ஆலையில் இருந்தவர். தென்னை மட்டையில் மாட்டியிருந்ததைக் கொக்கியால் இறக்கி, பெண்டாட்டியையும் ஆடுகளையும் தூரப் போகச் சொல்லிவிட்டு, வெடித்தால் தன்னோடு போகட்டும் என்று இரண்டு கையிலும் ஏந்தித் தொட்டி வரை கொண்டுவந்திருக்கிறார். பிறகு ஏன் போடவில்லை என்று ஹேமா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"போடத்தான் தூக்குனேன் தாயி. தூக்கும்போது பாத்தா மேல சந்தனம் வச்சிருக்கு, நடுவுல குங்குமம். வெடிக்கு யாரு பொட்டு வைப்பா? யாரோ பூச பண்ணி அனுப்புன சாமான்னு தெரிஞ்சுச்சு. தண்ணியில போட மனசு வரல. வாரவுக வரட்டும்னு வச்சிட்டேன்."

ஹேமா பெட்டியின் முன்னால் மண்டியிட்டாள். கட்டுத்துணியின் மேல்பக்கம், சரியாக நடுவில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகச் சந்தனம் அப்பியிருந்தது. காய்ந்து வெடித்திருந்தது. துணிக்கு அடியில் அந்த இடத்தில்தான் இருப்பிடம் அறியும் ஏரியல் இருக்கிறது என்று அவள் எனக்குப் பிறகு விளக்கினாள். மூன்று சுற்றுத் துணி சந்தனத்தின் ஈரத்தை உறிஞ்சி, வானத்திலிருந்து வரும் சின்ன சமிக்ஞையை மறைத்துவிட்டது. மேலே போய் ஈரம் உலர்ந்து பொரிந்த பிறகே அதற்குக் கண் தெரிந்திருக்கிறது. அந்தக் காய்ந்த சந்தனத்தில் ஒரு பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

மாரியப்பன் தலையைச் சொறிந்தார். "மொதலாளி வச்சது. யார்ட்டயும் சொல்லாதலேன்னாரு. பொட்டுதானேன்னு நானும் இருந்துட்டேன்" என்றார்.

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே மாரியப்பனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். மூன்று மணி நேரம் தன் கை வேலைதான் தப்பு என்று அந்தப் பெண் வெந்துகொண்டிருந்தாள். ஹேமா ஒலிப்பானை அணைத்தாள். பெட்டியைப் பிரித்து அட்டையை எடுத்துக் கணினியில் போட்டாள். முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை பதிவு இருந்தது. அதன் பிறகுதான் படியில் உட்கார்ந்து முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கருப்பசாமி எங்களுக்கு இளநீர் வெட்டினார். நான் பால்கோவாவைப் பிரித்தேன். ஆடுகளோடு திரும்பி வந்த அவர் மனைவியையும் சேர்த்து ஐந்து பேருக்கும் அது போதவில்லை.

வத்திராயிருப்பில் செல்போன் உயிர் பெற்றதும் நைனாவிடமிருந்து பதினொரு அழைப்புகள் வந்து கிடந்தன. மனிதர் அதுவரை மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டதே இல்லையாம், வேண்டும் என்றால் அம்மா மூலமாகத்தான். ஹேமா கூப்பிட்டு, கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். சந்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று கேட்டேன். தேங்காய் உடைத்தவரைக் களத்தில் நாலு பேர் முன்னால் திட்டினாளாம். அவர் அதற்குப் பிறகு வரவே இல்லையாம்.

போகிறவர்களுக்காகச் சில விஷயங்கள். பிளவக்கல்லுக்குத் தனி வண்டியில் போவது நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குப் பேருந்து உண்டு, அதற்குப் பிறகு ஆட்டோ கிடைப்பது அதிர்ஷ்டம். அணைப் பக்கம் நாலு மணிக்கு மேல் நிற்காதீர்கள், காவலர் சொன்னால் வாதாடாதீர்கள். லோடு வேனுக்கு அன்றைக்கு டீசலோடு இரண்டாயிரத்து நானூறு ஆனது. பால்கோவா கால் கிலோ வாங்காதீர்கள், அரை கிலோவாக வாங்குங்கள். ஏவுதளத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நிழல் இல்லை, குடை அவசியம். இதுவரை போன ஏவுதளங்களில் வேலிக்கு உள்ளே என்னை விட்டு, கையில் கயிற்றையும் கொடுத்தது இது ஒன்றுதான்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் ஹேமா கூப்பிட்டாள். செயற்கைக்கோளில் இடம் உறுதியாகிவிட்டது. மண்டபத்தைச் சாலையோரமாகத் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம், களம் இருக்கட்டும் என்று நைனா மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாராம். ஐந்தாவது ஏவலுக்குப் புதுப்பெட்டி தயார். அதன் அடிப்பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, நைனா முன்னால் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்திருக்கிறாள். சந்தனம் இனி இங்கே என்றாளாம். அவர் பெட்டியை ஒரு முறை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, அடியில வச்சா யாரு பாக்கப்போறா என்று கேட்டிருக்கிறார்.

"'கீழ நிக்கிறவங்க பாப்பாங்க நைனா'ன்னு சொன்னேன் அக்கா" என்றாள்.